வீணை போய்ச் சேர்ந்துவிட்டது, வரியை யார் கட்டுவது?

வாசகர் கேள்வி: அப்பாவும் நானும் தஞ்சாவூரில் வீணை செய்கிறோம். சென்ற மாதம் டொரண்டோவில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு 65,000 ரூபாய்க்கு ஒரு வீணை விற்றோம். அனுப்பும் செலவுக்கு 40,000 வாங்கிக்கொண்டு, மொத்தமாக 1,05,000 ரூபாய் என்று ஒரே வரியில் பில் போட்டோம். 140 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரமுள்ள பெட்டி எங்கள் தராசில் 22 கிலோதான். கூரியர் பில் 57 கிலோவுக்கு வந்தது, மிச்சத்தைக் கையிலிருந்து கட்டினோம். இப்போது வீணை டொரண்டோவில் நிற்கிறது. வரி கட்டினால்தான் கொடுப்போம் என்கிறார்களாம். “இதை நீங்கள் சொல்லவே இல்லையே” என்று அந்த அம்மா கோபப்படுகிறார். அடுத்த முறை ‘கிஃப்ட்’ என்று எழுதி விலையைக் குறைத்துப் போடு என்கிறார்கள் தெரிந்தவர்கள். நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வீணைக்கும் மெல்போர்னிலிருந்து ஒரு மிருதங்கத்துக்கும் ஆர்டர் வந்திருக்கிறது. எப்படி அனுப்புவது?

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் டொரண்டோ வேலையை முடிப்போம். அங்கே பெட்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்குச் செலவு. வாங்குபவர் வரி கட்ட மறுத்தால் கூரியர் சில நாள் பார்க்கும். அப்புறம் கிடங்கு வாடகை போடும். கடைசியில் திருப்பி அனுப்பும் செலவை அனுப்பியவர் தலையில் வைக்கும். நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே அது இருக்கும். அதனால் இன்றைக்கே இரண்டு காரியம் செய்யுங்கள்.

ஒன்று, இன்வாய்ஸைத் திருத்துங்கள். வீணை 65,000, கப்பல் அல்லது விமானச் செலவு 40,000 என்று இரண்டு வரியாகப் பிரித்து, கூரியருக்கு நீங்கள் கட்டிய பில்லின் நகலோடு அவர்களுடைய சுங்கப் பிரிவுக்கு மெயில் அனுப்புங்கள். ஏன் என்றால், கனடாவில் சுங்க மதிப்பு கணக்கிடும்போது இந்தியாவிலிருந்து அங்கே போகும் சரக்குக் கட்டணத்தைக் கழித்துவிடலாம். ஆனால் அது தனியாகத் தெரிய வேண்டும். டொரண்டோ இருக்கும் ஒண்டாரியோவில் எச்.எஸ்.டி. என்ற விற்பனை வரி 13 சதவீதம். ஒரு லட்சத்து ஐயாயிரத்துக்குப் போட்டால் 13,650 ரூபாய். அறுபத்தையாயிரத்துக்குப் போட்டால் 8,450. ஒரே ஒரு வரியைப் பிரித்து எழுதாததால் அந்த அம்மாவிடம் 5,200 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். இதற்கு மேல் சுங்க வரி இருந்தால் அதுவும், கூரியரின் கிளியரன்ஸ் கட்டணமும் தனி. ஒருவேளை அவர் ஏற்கெனவே கட்டிவிட்டாலும், திருத்தம் கேட்டுக் கூடுதல் தொகையைத் திரும்பப் பெற கனடா எல்லைச் சேவையிடம் விண்ணப்பிக்க வழி உண்டு.

இரண்டு, அந்த அம்மாவிடம் நேராகப் பேசுங்கள். வரி என்பது அந்த நாட்டு அரசுக்குப் போவது, நீங்கள் சம்பாதிப்பது இல்லை என்று சொல்லுங்கள். ஆனால் முன்பே சொல்லாதது உங்கள் பக்கத்துக் குறை. திருத்திய தொகையில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. நாலாயிரம், ஐந்தாயிரம் ரூபாய் வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் வீணை திரும்பி வந்தால் போக்குவரத்துக்கே அதைப்போல் பல மடங்கு ஆகும். டொரண்டோவில் கர்நாடக இசை கற்பவர்கள் வட்டமாகப் பழகுபவர்கள். ஒருவர் திருப்தியாகச் சொன்னால் அடுத்த ஆர்டர் அங்கிருந்தே வரும்.

சரி, 22 கிலோ எப்படி 57 கிலோ ஆனது? பெட்டி 140 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம் என்று எழுதியிருக்கிறீர்கள். கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். உங்கள் பெட்டிக்கு 56.7 வருகிறது, அதை 57 ஆக்கிவிட்டார்கள். இதற்குக் கன அளவு எடை என்று பெயர். தராசு எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. வீணை மாதிரி உள்ளே காலியிடம் அதிகமான பொருளுக்கு எப்போதும் கன அளவுதான் ஜெயிக்கும். நேரடி ஏர் கார்கோவில் 6,000-ஆல் வகுப்பார்கள், அங்கே கொஞ்சம் குறையும்.

ஆகவே பணம் மிச்சமாவது பெட்டி செய்யும் இடத்தில். உங்கள் வீட்டு வேலைதான் இது, நீங்களே நன்றாகச் செய்யலாம். வீணையின் நீண்ட கழுத்தான தண்டிக்குக் கீழே மாட்டியிருக்கும் சுரைக்காயைத் திருகிக் கழற்றுங்கள். அது மாட்டியபடியே போனால் பெட்டியின் உயரம் முழுவதும் அதற்காகவே போகிறது. கழற்றித் துணி சுற்றி, தண்டிக்குக் கீழே குடத்துக்கும் யாளிக்கும் நடுவில் இருக்கும் காலியிடத்தில் வையுங்கள். கேஸுக்கும் அட்டைப் பெட்டிக்கும் நடுவே நாலாபுறமும் கட்டி ஃபோம் ஒரு சுற்று போதும், தெர்மாகோல் துண்டுகளை அள்ளிக் கொட்டி இடத்தை நிரப்பாதீர்கள். இப்படிச் செய்து பெட்டியை 135க்கு 42க்கு 40 ஆக்க முடிந்தால் கன அளவு எடை 45.4 கிலோ. கூரியர் அதை 46 என்று எடுத்தாலும் 11 கிலோ குறைந்துவிட்டது. கிலோ 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 7,700 ரூபாய் மிச்சம், அதோடு எரிபொருள் சர்சார்ஜும் ஜிஎஸ்டியும் அதே விகிதத்தில் இறங்கும்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. வெளிநாட்டு அஞ்சலில், ஸ்பீட் போஸ்ட் மாதிரியான ஈ.எம்.எஸ். சேவைக்குப் பல நாடுகளில் 1.5 மீட்டர் நீளமும், நீளத்தோடு சுற்றளவைக் கூட்டினால் 3 மீட்டரும்தான் எல்லை. சில நாடுகளுக்கு அதைவிடவும் குறைவு. உங்கள் பழைய பெட்டிக்குக் கூட்டிப் பாருங்கள், 320 செ.மீ. வருகிறது. கவுண்டரிலேயே திருப்பிவிடுவார்கள். புதிய பெட்டி 135 கூட்டல் 164, மொத்தம் 299. அஞ்சல் வழியும் திறக்கிறது. தனியார் கூரியர்களில் ஒரு பக்கம் 100 அல்லது 120 செ.மீ. தாண்டினாலே நீளப் பெட்டிக்கு என்று தனிக் கட்டணம் உண்டு. விலை கேட்கும்போதே “135 சென்டிமீட்டர், எல்லாக் கட்டணமும் சேர்த்து எவ்வளவு?” என்று எழுத்தில் கேளுங்கள்.

கப்பலில் அனுப்பினால் மலிவு என்று யாராவது சொல்வார்கள். ஒற்றை வீணைக்கு அது மலிவில்லை. கன்டெய்னரில் பங்கு போட்டுப் போகும் சரக்குக்குப் பெரும்பாலும் ஒரு கன மீட்டர்தான் குறைந்தபட்சக் கட்டணம். உங்கள் புதிய பெட்டி கால் கன மீட்டர்கூட இல்லை. போய்ச் சேரும் துறைமுகத்தில் இறக்குக் கூலி, ஆவணக் கட்டணம் என்று வாங்குபவரிடம் வேறு கேட்பார்கள். நாலு வீணையை ஒரே ஊர் இசைப்பள்ளிக்கு அனுப்பினால் கணக்கு மாறும். அப்போதும் வெயில் காலம் பார்த்துச் செய்யுங்கள். இரும்புப் பெட்டிக்குள் வாரக்கணக்கில் வெந்தால் மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகு இளகும், மெட்டுகள் நகரும். மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மறுபடி மெழுகில் சரியாகப் பதிக்க, டொரண்டோவில் ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்பாவுக்குத் தெரியும்.

இப்போது அந்த ‘கிஃப்ட்’ யோசனை. தயவுசெய்து வேண்டாம். சட்டவிரோதம் என்பது முதல் காரணம், பொய்க் கணக்கு பிடிபட்டால் வாங்குபவருக்கும் அபராதம், பறிமுதல் வரை போகும். ஆனால் சொல்பவர்களுக்குத் தெரியாத விஷயம் வேறு: அதனால் பயனும் இல்லை. கனடாவில் பரிசுப் பொருளுக்கு விலக்கு 60 கனடிய டாலர் வரைதான். பிரிட்டனில் 39 பவுண்டு. ஒரு வீணையை எப்படிக் குறைத்து எழுதினாலும் அதற்குள் அடங்காது. தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதன் விலை இன்டர்நெட்டில் எல்லோருக்கும் தெரியும். சுங்க அதிகாரி ஒரு நிமிடம் தேடினால் போதும். அதைவிட முக்கியம் இன்ஷூரன்ஸ். யாளியின் காது உடைந்தாலும் சரி, குடம் விரிசல் விட்டாலும் சரி, நீங்கள் அறிவித்த மதிப்புக்கு மேல் ஒரு பைசா கிடைக்காது. ஐயாயிரம் என்று எழுதிய வீணை நொறுங்கினால் ஐயாயிரம்தான். இரண்டு மூன்று மாத உழைப்பை அப்படிப் பணயம் வைக்காதீர்கள்.

நியூ ஜெர்சி ஆர்டர்தான் இப்போது மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது. முன்பு வளரும் நாடுகளுக்கான ஜி.எஸ்.பி. வரிச் சலுகை நமக்கு இருந்தது, 2019 ஜூன் 5-உடன் அமெரிக்கா அதை நிறுத்தியது. 2025 ஆகஸ்ட் 7-இல் இந்தியப் பொருட்களுக்கு 25 சதவீதக் கூடுதல் வரி வந்தது. 27-ஆம் தேதி இன்னொரு 25 சேர்ந்து 50 ஆனது. 29-ஆம் தேதி முதல் 800 டாலர் வரையிலான பார்சலுக்கு வரியில்லை என்ற சலுகையும் போய்விட்டது. நம் அஞ்சல் துறை சில வாரங்களுக்கு அமெரிக்கப் பார்சலே வாங்கவில்லை. 2025-இல் வந்த இத்தனை மாற்றமும் ஒரே மாதத்துக்குள் தொடங்கியவை. 2026 பிப்ரவரியில் அந்த 50 சதவீதமும் மாறிவிட்டது. நீங்கள் ஆர்டர் எடுத்து, பலாக்கட்டை குடைந்து, மேளம் கட்டி முடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். வரியோ, பொருள் அங்கே சுங்கத்தில் நுழையும் நாளின் விகிதப்படிதான். ஆர்டர் கொடுத்த நாளின் விகிதம் செல்லாது. அதனால் இந்த மாத விகிதத்தை வைத்து “எல்லாம் சேர்த்து இவ்வளவு” என்று முடிவான தொகை சொல்லிவிடாதீர்கள். வரியை உத்தேசம் என்று எழுதுங்கள், அனுப்பும் வாரத்தில் மறுபடி பார்த்துச் சொல்வேன் என்றும் எழுதுங்கள்.

கூடுதல் வரி மாறினாலும் அடிப்படை வரிக்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது. சுங்கத்தில் பொருளை வகை பிரிக்கும் ஆறு இலக்க எச்.எஸ். எண் உலகம் முழுவதும் ஒன்றுதான்: வீணைக்கு 9202 90, மிருதங்கத்துக்கு 9206 00, நாகஸ்வரம், புல்லாங்குழலுக்கு 9205 90, தனியாக அனுப்பும் தந்திக்கு 9209 30. ஆறுக்குப் பிறகு வரும் இலக்கங்களை அந்தந்த நாடு வைத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 9202 90-க்குள் கிட்டாருக்குத் தனி இடம், 100 டாலருக்கு மேல் போனால் 8.7 சதவீதம். மற்ற தந்தி வாத்தியங்களுக்கு 4.6. இன்வாய்ஸில் ‘தந்தி வாத்தியம்’ என்று மட்டும் எழுதினால் கம்ப்யூட்டர் முன் இருப்பவர் கிட்டார் வரியில் தட்டிவிடலாம். ‘சரஸ்வதி வீணை, மீட்டி வாசிப்பது, கிட்டார் அல்ல, கையால் செய்தது’ என்று ஆங்கிலத்தில் முழுதாக எழுதுங்கள். வீணையோடு ஒன்றாகப் போகும் கேஸுக்கு வேறு எண் வேண்டியதில்லை, வீணையின் எண்ணிலேயே போகும். கேஸை மட்டும் பிறகு தனியாக அனுப்பினால் அது பை, பெட்டி வகைக்குப் போய்விடும், வரியும் வேறு.

மரத்தின் பெயரும் வேண்டும். அமெரிக்காவில் லேசி சட்டம் என்று ஒன்று உண்டு, மரப் பொருளுக்கு அறிவியல் பெயரும் எந்த நாட்டு மரம் என்பதும் கேட்பார்கள். பலாவுக்கு ஆர்ட்டோகார்பஸ் ஹெட்டெரோஃபில்லஸ். தந்தி முறுக்கும் பிரடையோ வேறு பாகமோ ஈட்டியில் செய்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஈட்டி, நூக்கு வகை மரங்கள் 2017 ஜனவரியில், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்துக்குள் வந்தபோது வாத்தியக்காரர்கள் எல்லோரும் தவித்தார்கள். 2019 நவம்பர் 26 முதல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. அதனால் பயம் வேண்டாம், ஆனால் முடிக்காத கட்டையாக அனுப்பினால் அந்த விலக்கு பொருந்தாது. வெள்ளை வேலைப்பாடு பிளாஸ்டிக் என்பதையும் தவறாமல் எழுதுங்கள். பழைய வீணைகளில் மான் கொம்பும் தந்தமும் பதித்திருப்பார்கள் என்று அதிகாரிகளுக்குத் தெரியும், பார்த்தவுடன் சந்தேகம் வரும். அப்படிப்பட்ட பழைய வீணையை யாராவது வெளிநாட்டிலிருந்து விலைக்குக் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம். நூறு வயது தாண்டியிருந்தால் அதே ஆண்டின் தொல்பொருள் சட்டம் இன்னொரு பக்கம்.

மெல்போர்ன் மிருதங்கத்தில் வரி ஒரு பிரச்சினையே இல்லை. ஆஸ்திரேலியாவில் 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான பார்சலுக்கு எல்லையில் சுங்கமும் ஜிஎஸ்டியும் வாங்குவதில்லை, ஒரு மிருதங்கம் அதற்குள் அடங்கிவிடும். அங்கே தடுப்பது உயிரிப் பாதுகாப்புத் துறை. தோல், மரம், காய்ந்த புல் எதுவானாலும் திறந்து பார்ப்பார்கள். தோலில் முடி ஒட்டியிருந்தாலோ கட்டையில் பூச்சித் துளை இருந்தாலோ புகை மருந்து, கதிர்வீச்சு என்று ஏதாவது ஒரு சிகிச்சைக்கு அனுப்பி, அந்தச் செலவை வாங்குபவரிடம் கேட்பார்கள். முடியாவிட்டால் திருப்பி அனுப்புவது, இல்லையேல் அழிப்பது. எந்தப் பொருளுக்கு என்ன நிபந்தனை என்பதை பைகான் என்ற தளத்தில் அந்த அரசு போட்டிருக்கிறது. ஆர்டர் உறுதி செய்யும் முன்பே வாங்குபவரை அதில் மிருதங்கம் என்று பார்த்து, துறைக்கே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். பதில் அவர் கையில் இருப்பது பலம். மிருதங்கத்தின் இடது பக்கத்தில் பூசிக்கொள்ள என்று பெட்டிக்குள் அன்பாக ஒரு ரவைப் பொட்டலம் வைத்து அனுப்பும் பழக்கம் நம்மிடம் உண்டு, அதை விட்டுவிடுங்கள். வைக்கோல் அடைக்கவே கூடாது. அவ்வளவு சிக்கல் வேண்டாம் என்று அவர் நினைத்தால் செயற்கைத் தோல் போட்ட போல்ட் மிருதங்கம் பற்றிப் பேசிப் பாருங்கள். மாணவருக்கு அது போதும், கச்சேரி வாசிப்பவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

மரப் பெட்டி அடித்து அனுப்பும் எண்ணம் இருந்தால் ஒன்று சொல்கிறேன். தெருமுனை ஆசாரியிடம் பச்சைப் பலகையில் அடித்த பெட்டியைப் பெரும்பாலான நாடுகளில் தடுத்து நிறுத்துவார்கள். வெப்பச் சிகிச்சை செய்து ‘எச்.டி.’ முத்திரை குத்திய மரம் வேண்டும், அல்லது பிளைவுட் போதும். பிளைவுட்டுக்கு அந்த விதி இல்லை.

இந்தியப் பக்கம் உங்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. கையால் செய்த நாட்டு இசைக்கருவிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. வெளிநாட்டு வர்த்தகத் துறையான டி.ஜி.எஃப்.டி. தளத்தில் 500 ரூபாய் கட்டி ஐ.ஈ.சி. என்ற ஏற்றுமதி இறக்குமதி எண் எடுத்துவிடுங்கள், அது இல்லாமல் வியாபாரமாக அனுப்பக்கூடாது. கூரியரிடம் ‘சி.எஸ்.பி. ஐந்து’ என்ற வியாபார ஏற்றுமதி வகையில் பதியச் சொல்லிக் கேளுங்கள். கவனிக்காமல் விட்டால் மாதிரி, பரிசு அனுப்பும் ‘சி.எஸ்.பி. நான்கு’ வகையில் போட்டுவிடுவார்கள், ஏற்றுமதி செய்தீர்கள் என்பதற்கான அத்தாட்சியே இருக்காது. அஞ்சலில் அனுப்பினால் டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற ஏற்றுமதி மையம் உள்ள அஞ்சலகத்தில் ஏற்றுமதிப் பில்லை ஆன்லைனில் போடலாம். இந்தக் காகிதங்கள் இன்னொரு விதத்திலும் காப்பாற்றும். நீங்கள் விற்ற வீணை ஏதோ காரணத்தால் திரும்பி வந்தால், நம் சுங்கத்தில் இறக்குமதி வரி கேட்காமல் விடுவதற்கு 45/2017 அறிவிக்கை இருக்கிறது. இதே வீணைதான் வெளியே போனது என்று காட்ட ஏற்றுமதி ஆவணம் வேண்டும். தண்டியின் உள்பக்கத்தில் ஒரு வரிசை எண் பொறித்து, அதை இன்வாய்ஸிலும் எழுதி, இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

கடைசியாக, வரியை யார் கட்டுவது என்ற கேள்வி. இரண்டு வழி உண்டு. டி.ஏ.பி. என்றால் வீட்டு வாசல் வரை கொண்டுபோவது உங்கள் பொறுப்பு, வரி வாங்குபவர் பொறுப்பு. டி.டி.பி. என்றால் வரியும் உங்கள் கணக்கிலேயே, கூரியர் உங்களிடம் வாங்கிக்கொள்ளும், அந்த வேலைக்கு ஒரு கட்டணமும் போடும். வரி நிலையாக இருக்கும் நாடுகளுக்கு டி.டி.பி. நல்லது. சிங்கப்பூர் அதற்குச் சரியான உதாரணம். இசைக்கருவிக்குச் சுங்க வரியே இல்லை, 9 சதவீத ஜிஎஸ்டி மட்டும், திருச்சியிலிருந்தே விமானச் சரக்கு போகிறது. அமெரிக்காவுக்கு இப்போதைக்கு டி.ஏ.பி.யே பாதுகாப்பு. விகிதம் ஏறினால் உங்கள் லாபம் மொத்தமும் அதில் போய்விடும்.

நியூ ஜெர்சிக்காரருக்கு இப்படி எழுதுங்கள்: “வீணையின் விலை இவ்வளவு. கேஸ், பேக்கிங், விமானக் கட்டணம், இன்ஷூரன்ஸ் இவ்வளவு, இதை வீணை விலையோடு சேர்க்காமல் தனியாகவே காட்டுவோம். அமெரிக்கச் சுங்க வரி உங்கள் பொறுப்பு, இன்றைய விகிதப்படி உத்தேசமாக இவ்வளவு. கூரியர் தனியாக ஒரு கிளியரன்ஸ் கட்டணமும் கேட்கும். வீணை தயாராகி அனுப்பும் வாரத்தில் வரியை மறுபடி பார்த்துச் சொல்கிறோம். அப்போது மிகவும் ஏறியிருந்தால் அனுப்பாமல் நிறுத்தி வைக்கச் சொல்லலாம், அட்வான்ஸ் பத்திரமாக இருக்கும்.” இதற்கு அவர் சம்மதம் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதிக் கொடுத்த பிறகு அட்வான்ஸ் வாங்கிக் கட்டையில் கை வையுங்கள்.